நெஃபர்டிட்டியின் பட்டா யார் பேரில்? பெர்லினுக்கு ஒரு திறந்த மடல்

பிரஷ்யப் பண்பாட்டு உடைமை அறக்கட்டளையின் தலைவருக்கும் அதன் குழுவில் அமர்ந்திருக்கும் ஜெர்மன் அரசு, மாநில அரசுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் பெர்லினில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் நோயஸ் அருங்காட்சியகத்தில் பழைய எகிப்தின் ராணி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அந்தக் கூடத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதுதான், வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தார்கள். 3,300 வருடத்துக்கு முந்தைய முகம், ஆனால் கழுத்தில் நரம்பு ஓடுவதும் கண்ணுக்குக் கீழே லேசாகச் சுருக்கம் விழுந்திருப்பதும் இப்போது நம் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்ப்பது போலவே இருக்கிறது. வலது கண்ணில் படிகக்கல் பதித்திருக்கிறார்கள். இடது கண் வெறுமையாக இருக்கிறது. செய்த சிற்பி மீதும், இத்தனை காலம் அதை உடையாமல் காப்பாற்றிய உங்கள் ஆட்கள் மீதும் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எகிப்தியன் இல்லாத நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் தாமிரபரணிக் கரைக்காரன். ஆதிச்சநல்லூர் என்ற இடம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே வந்து முதுமக்கள் தாழிகள் புதைந்த அந்தப் பரம்பைத் தோண்டி, பானைகளும் இரும்புக் கருவிகளுமாக எடுத்துப் பெர்லினின் இனவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அந்த அருங்காட்சியகம் இன்று உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. தோண்டி எடுத்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எங்கள் பக்கம் டீக்கடையில்கூடப் பேசப்படும் கேள்வி. எங்கள் தாழிகளைப் பற்றி இந்த மடல் இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நெஃபர்டிட்டி முன்னால் நிற்கும்போது எனக்கு இந்த உறுத்தல் வந்திருக்காது.

சிலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று எகிப்து கேட்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: சிலை சட்டப்படி வந்தது, பங்கு பிரித்ததற்குப் பத்திரம் இருக்கிறது, எகிப்துக்கு அதன் பாதி போய்ச் சேர்ந்துவிட்டது. சரி, அந்தப் பாகப்பிரிவினையையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

எங்கள் பக்கம் பாகப்பிரிவினை என்றால் ஒருவர் இரண்டு பங்காகப் பிரிப்பார், மற்றவர் முதலில் எடுப்பார். பிரிக்கிறவர் ஒழுங்காகப் பிரிப்பதற்கு அதுதான் காவல். எகிப்தில் அன்று இருந்த நடைமுறையும் அச்சு அசலாக இதுதான். தோண்டுகிறவர் கிடைத்ததை எல்லாம் எழுதி இரண்டு சமபங்காக வைக்க வேண்டும், தொல்பொருள் துறை வந்து பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மீதி தோண்டியவருக்கு. இந்த வழியில் எகிப்திலிருந்து வெளியே போன பொருட்கள் உலகமெங்கும் எத்தனையோ அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவை எல்லாவற்றையும் நான் திருட்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிரே எடுக்கிறவர் கண்ணால் பார்த்து எடுக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

1912 டிசம்பர் 6. எகிப்தின் அமர்னாவில் துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இருந்த வீடு. முகமது அகமது எஸ்-செனூசி என்ற எகிப்தியத் தொழிலாளியின் கையில்தான் சிலை முதலில் தட்டுப்பட்டது. மண்ணுக்குள் முகம் குப்புறக் கிடந்தது. அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய லுட்விக் போர்ஹார்ட் அன்றைய குறிப்பில் எழுதிய வரி உங்கள் எல்லாருக்கும் தெரியும்: வர்ணித்துப் பயனில்லை, பார்க்கத்தான் வேண்டும். தான் எடுத்தது என்ன என்று அந்த மனிதருக்கு முதல் நாளே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆறு வாரத்துக்குச் சற்று மேலே கழித்து, 1913 ஜனவரி 20 அன்று, பங்கு பிரிக்கத் தொல்பொருள் துறையின் சார்பில் குஸ்தாவ் லெஃபெவ்ர் வந்தார். ஒரு பங்கில் மன்னன் அக்நாட்டனும் அவன் ராணி நெஃபர்டிட்டியும் மூன்று பெண் குழந்தைகளோடு இருக்கும் வண்ணம் தீட்டிய ஒரு கல் பலகை, வீட்டில் வைத்து வணங்கியது. இன்னொரு பங்கில் இந்தச் சிலை. அகழாய்வை நடத்திய ஜெர்மன் கீழைநாட்டுச் சங்கத்தின் செயலாளர் அன்று அங்கே இருந்தவர். அவர் 1924-ல் எழுதி வைத்து, 2009-ல் பத்திரிகைகள் வெளியிட்ட குறிப்பின்படி, லெஃபெவ்ருக்குக் காட்டப்பட்ட புகைப்படம் சிலையின் அழகு தெரியாத கோணத்தில் எடுத்தது, சிலையோ ஏற்கெனவே பெட்டிக்குள் சுற்றி வைக்கப்பட்டு வெளிச்சம் குறைந்த அறையில் இருந்தது, போர்ஹார்ட் அதைச் சாந்துச் சிலை என்று சொல்லியிருக்கிறார். பங்குப் பட்டியலிலும் அரச குடும்பத்து இளவரசி ஒருத்தியின் வண்ணம் பூசிய சாந்துச் சிலை என்றுதான் எழுதியிருக்கிறது. உண்மையில் உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல், சாந்து அதன் மேல்பூச்சு. தலையில் இருப்பது ராணியின் நீலக் கிரீடம். போர்ஹார்டே பத்து வருடம் கழித்து 1923-ல் வெளியிட்ட நூலில் இதைச் சுண்ணாம்புக்கல் என்றும் ராணி என்றும் தெளிவாக எழுதினார்.

லெஃபெவ்ர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே, தடுத்தது யார் என்று உங்கள் தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். அவர் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் தேர்ந்தவர், அவருக்கு அந்தப் பலகை பெரிதாகப் பட்டிருக்கலாம். ஒரு மனிதரின் மனதுக்குள் என்ன ஓடியது என்று நூறு வருடம் கழித்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதனால் போர்ஹார்ட் ஏமாற்றினாரா என்ற கேள்வியில் என் வாதத்தை நான் கட்டப்போவதில்லை. எனக்குப் போதுமானது இன்னொரு உண்மை: 1913-14-ல் அமர்னாப் பொருட்களை எல்லாம் பெர்லினில் காட்சிக்கு வைத்தபோது இந்தச் சிலையை மட்டும் வைக்கவில்லை, வெளியே தெரிய வேண்டாம் என்று வற்புறுத்தியவர் போர்ஹார்ட். மக்கள் பார்வைக்கு அது வந்தது 1924-ல். பங்கு நியாயமாகப் பிரிந்தது என்ற நிம்மதி இருந்தவர் அதை இப்படி மறைத்து வைக்கச் சொல்லியிருப்பாரா?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. பிரித்தவர் ஜெர்மானியர். எடுத்தவர் பிரெஞ்சுக்காரர். அவருடைய மேலதிகாரி மாஸ்பெரோவும் பிரெஞ்சுக்காரர், அது தற்செயல் இல்லை, எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவராக ஒரு பிரெஞ்சு அறிஞரே தொடர்ந்து இருப்பார் என்று பிரிட்டனும் பிரான்சும் 1904-ல் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாட்டில் 1882 முதல் பிரிட்டிஷ் படை உட்கார்ந்திருந்தது. சிலையை மண்ணிலிருந்து எடுத்த கை எகிப்தியரின் கை, ஆனால் பிரிக்கும் மேசையில் முடிவு சொல்ல ஒரு எகிப்தியர்கூட இல்லை. பங்காளியே இல்லாமல், பங்காளியின் பேரில் வேறொருவர் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இது. அன்றைய சட்டம் இதை ஏற்றுக்கொண்டது, உண்மை. அந்தச் சட்டத்தை எழுதும்போதும் எகிப்தியர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பத்தே வருடத்தில் நிலைமை எப்படி மாறியது என்று பாருங்கள். 1922 பிப்ரவரியில் எகிப்து சுதந்திர நாடு என்று அறிவிக்கப்படுகிறது, அதே வருடம் நவம்பரில் மன்னன் துட்டன்காமனின் கல்லறை திறக்கிறது, 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைக்கின்றன, அந்தக் கல்லறையில் பாகப்பிரிவினை நடக்கவே இல்லை, பணம் போட்ட கார்னர்வன் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் துறைத் தலைவர் பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் அவருக்குப் பின்னால் இப்போது ஒரு நாடு நின்றது. 1983-ல் வந்த சட்டம் தோண்டி எடுப்பதைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. நெஃபர்டிட்டி பத்து வருடம் மண்ணுக்குள் பொறுத்திருந்தால் அவள் எங்கே இருந்திருப்பாள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறேன். பெர்லினின் அருங்காட்சியகத் தீவில் 2019-ல் திறந்த புதிய நுழைவுக் கட்டடத்துக்கு ஜேம்ஸ் சைமன் பெயரை வைத்தீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்த காரியம். அமர்னா அகழாய்வுக்குப் பணம் போட்டவர் அவர், அகழாய்வு உரிமமும் அவர் பேரில்தான் இருந்தது, சிலை முதலில் வந்து சேர்ந்ததும் அவர் வீட்டுக்குத்தான், 1920-ல் அதைப் பிரஷ்ய அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்ததும் அவர்தான். யூதர் என்பதால் நாஜிகள் அவர் பெயரை அருங்காட்சியகங்களிலிருந்து அழித்தார்கள், நீங்கள் அதைக் கண்ணாடியும் தூண்களுமாகத் திரும்ப எழுப்பினீர்கள்.

அந்த சைமன் 1930-ல் என்ன செய்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிலை காட்சிக்கு வந்ததும் எகிப்து கேட்க ஆரம்பித்தது. தொல்பொருள் துறைத் தலைவர் பியேர் லாகோ, சிலையைக் கொடுத்தால் கெய்ரோவிலிருந்து ரானெஃபர் சிலையையும் ஹாப்புவின் மகன் அமென்ஹோட்டப்பின் சிலையையும் தருகிறேன் என்றார், இரண்டும் சாதாரணச் சிலைகள் இல்லை. உங்கள் அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநரே ஒத்துக்கொண்டார். பத்திரிகைகள் கொந்தளித்தன, அமைச்சர் பின்வாங்கினார். அப்போது அந்தப் பரிமாற்றத்தைக் கைவிடக் கூடாது என்று அமைச்சருக்குப் பகிரங்கமாகத் திறந்த மடல் எழுதியவர் ஜேம்ஸ் சைமன். கொடுத்தவர் கேட்டார், திருப்பி அனுப்புங்கள் என்று. இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். 1933-ல் எகிப்து மன்னருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்தபோது முடியவே முடியாது என்று நிறுத்தியது யார் தெரியுமா, ஹிட்லர். உங்கள் கட்டடத்தில் பெயர் இருப்பது சைமனுக்கு, நடைமுறையில் இன்றுவரை நிற்பது அந்த இன்னொருவரின் பதில். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, உங்களைப் புண்படுத்த எழுதவில்லை, ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எகிப்தில் பத்திரமாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் கெய்ரோ அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்தே மன்னன் அமெனமோப்பின் தங்கக் காப்பு திருடுபோய் உருக்கப்பட்டது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நெஃபர்டிட்டி 1941-ல் பெர்லினின் ஒரு விமான எதிர்ப்புக் கோபுரத்தில் ஒளித்து வைக்கப்பட்டாள், பிறகு மெர்கெர்ஸ் உப்புச் சுரங்கத்துக்குப் போனாள். அதே நகரத்தின் இன்னொரு கோபுரத்தில் 1945 மே மாதம் பிடித்த தீயில் உங்கள் சேகரிப்பின் 400-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பலாயின. போரில் பிழைத்தாள் என்றால் அதில் பாதி அதிர்ஷ்டம். எந்த நாட்டுக்கும் கெட்ட காலம் வரும். கெட்ட காலம் வந்ததால் சொத்துரிமை போய்விடுமா? போர் முடிந்து நகரம் இரண்டானபோது சிலை மேற்கில் மாட்டிக்கொண்டது, அது கிழக்கில் இருந்த அருங்காட்சியகத் தீவுக்குத்தான் சேர வேண்டும் என்று கிழக்கு ஜெர்மனி விடாமல் கேட்டது. எந்த இடத்திலிருந்து போனதோ அந்த இடத்துக்கு வர வேண்டும் என்ற உணர்வு பெர்லின்காரர்களுக்குப் புரியாத ஒன்று இல்லை.

இன்றைய எகிப்தியர்கள் வேறு மொழி, வேறு மதம், அந்தப் பழைய ராணிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதுகிறவர்களையும் படித்திருக்கிறேன். இதற்கு எங்களிடம் ஒரு நேரடிப் பதில் இருக்கிறது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் பானை உடைசல்களில் தமிழ்ப் பிராமி எழுத்தில் சாத்தன், கண்ணன் என்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. எழுதியது எங்கள் ஆள், எழுத்து எங்கள் எழுத்து, பெயர் இன்றும் எங்கள் ஊரில் வைக்கும் பெயர். அந்த ஓடுகளை எகிப்து எங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு தமிழர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மண்ணில் கிடந்தது, அந்த மண்ணுக்குச் சொந்தம். வந்து போன வணிகனின் ஓட்டுக்கே இது பொருந்தும் என்றால் அங்கேயே பிறந்து அங்கேயே ஆண்ட ராணிக்குப் பொருந்தாதா?

அப்புறம், சிலை பயணம் தாங்காது என்கிறீர்கள். 2007-ல் எகிப்து கொஞ்ச காலத்துக்கு இரவலாகக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். சாந்துப் பூச்சு பலவீனமானது என்பதை நான் நம்புகிறேன். அதனால்தான் நாளைக்கே பெட்டி கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது பட்டா வேறு, அனுபவம் வேறு என்பார்கள். நிலம் ஒருவர் பேரில் இருக்கும், உழுது பயிர் செய்கிறவர் இன்னொருவராக இருப்பார், இரண்டு பேருக்கும் பேச்சு இருந்தால் சண்டை வராது. நான் கேட்பது பட்டா மாற்றம். உரிமை எகிப்தின் பேரில் போகட்டும். சிலை எங்கே, எத்தனை வருடம், எந்த நிபந்தனையில் இருக்கும் என்பதை உரிமையாளரும் வைத்திருப்பவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை, நீங்களே செய்து காட்டியது. 2022 ஆகஸ்டில் பழைய பெனின் அரசின் 512 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தீர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பத்து வருட இரவலாகப் பெர்லினிலேயே இருக்கிறது. மக்கள் வந்து பார்ப்பது நிற்கவில்லை. 2011-ல் போவாஸ்கோய் ஸ்ஃபிங்ஸ் கற்சிலையைத் துருக்கிக்கு அனுப்பினீர்கள், 1917-ல் பழுதுபார்க்க என்று கொண்டுவந்து திரும்பாமல் இருந்தது அது. பெனின் பொருட்கள் கொள்ளை, நெஃபர்டிட்டி பத்திரம் போட்டு வந்தது, இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் ஆயுதத்தோடு வந்து எடுப்பதும், ஆயுதம் வைத்திருப்பவனின் ஆட்சியில் சொந்தக்காரன் வாய் திறக்க முடியாத மேசையில் எடுப்பதும், அவ்வளவு தூரம் விலகி நிற்கும் விஷயங்களா என்று உங்கள் மனதையே கேட்டுப் பாருங்கள்.

2011-ல் எகிப்தின் தொல்பொருள் குழு அனுப்பிய கோரிக்கைக்கு, பிரதமரின் கையெழுத்து இல்லை, ஆகவே இது முறையான கோரிக்கை இல்லை என்று பதில் போயிற்று. அந்தப் பதிலைப் படித்தபோதுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது. 1913-ல் ஒரே ஒரு அதிகாரியின் சம்மதம் போதுமானதாக இருந்தது, 2011-ல் நாட்டின் பிரதமரே கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. கோரிக்கை சரியான தாளில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள். கீசாவில் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறந்துவிட்டது, துட்டன்காமனின் பொருட்கள் முழுவதும் முதல் முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன, பேச்சு வார்த்தைக்கு உட்கார எதிர்த் தரப்பில் இடமும் ஆட்களும் தயாராக இருக்கிறார்கள்.

நான் அடுத்த முறை தங்கை வீட்டுக்கு வரும்போது அந்தக் கூடத்தில் சிலை அதே இடத்தில் இருக்கலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. பக்கத்தில் இருக்கும் பலகையில் எகிப்து நாட்டின் உடைமை, பெர்லினுக்கு இரவலாக வந்தது என்று ஒரு வரி இருந்தால் போதும். முடிந்தால் மண்ணிலிருந்து எடுத்தவர் முகமது அகமது எஸ்-செனூசி என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1876-ல் எங்கள் ஊரிலிருந்து ஜாகோர் கொண்டுவந்தவற்றில் போருக்குப் பிறகு எவையெல்லாம் மிச்சம் இருக்கின்றன என்று படத்தோடு ஒரு பட்டியல் கேட்டு உங்கள் இனவியல் அருங்காட்சியகத்துக்குத் தனியாக எழுதுகிறேன். அதற்கும் பதில் போடுங்கள்.

மரியாதையுடன்,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒருவன்